றாஸிக்கின் பங்கு

சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்குப் புதிதாக ஒரு குமர்ப்பிள்ளை வந்து சேர்ந்தால், அவள் யார், எந்த ஊர், என்ன குடி, யாருக்குப் பார்த்திருக்கிறது என்ற நாலு கேள்விக்கும் பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்ல முன்னமே தெரு பதில் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிக்க முடியாமல் போனால் தெருவே ஒரு பதிலை உண்டாக்கிக்கொள்ளும். றஹீமாவின் வீட்டு விஷயத்தில் நடந்தது இரண்டாவதுதான்.

வந்தவளின் பெயர் சுஆத். புத்தளத்தில் இருக்கிற ஒரு சாச்சியின் பேத்தி, தாய் தகப்பன் இல்லை என்று றஹீமா சொல்லிவைத்திருந்தாள். தெரு அதை அரைமனதோடு கேட்டுக்கொண்டது. அந்த நிறமும் அந்த மூக்கும் புத்தளத்தில் விளைந்தது மாதிரித் தெரியவில்லை. ஆனால் வாயைத் திறந்தால் அசல் சாய்ந்தமருதுத் தமிழ். அதிலும் ஒரு வில்லங்கம் இருந்தது. இருபத்தேழு வயதுப் பெண் “பசிக்குது”, “சூடு, தொடாத”, “கை கழுவிட்டு வா”, “அழாத வாப்பா” என்கிற அளவில்தான் கதைப்பாள். மீன் என்ன விலை என்று கேட்டால் முழிப்பாள். பாவம், கொஞ்சம் புத்தி மட்டு என்று தெரு முடிவுகட்டி, அவளைக் கண்டால் குரலைத் தாழ்த்தி இரக்கப்பட்டது. சட்டம் படித்தவளுக்கு இந்தக் கதி. றஹீமாவுக்கு அதைக் கேட்கும்போது சிரிப்பும் வரும், கோபமும் வரும்.

உண்மை இதுதான். சுஆத் ஓர் அரபு நாட்டுப் பெண். அந்த நாட்டின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. நம் பிள்ளைகள் இன்னும் அங்கே வேலை செய்கிறார்கள், அந்த நாட்டுக்குக் காது கொஞ்சம் நீளம். றஹீமா அங்கே சுஆதின் வீட்டுக்குப் பணிப்பெண்ணாகப் போனபோது சுஆத் பிறந்து ஒரு கிழமை. ஏழு வயது வரைக்கும் அவளைக் குளிப்பாட்டி, தீத்தி, தூங்கவைத்தது றஹீமாதான். அந்தப் பிள்ளைக்கு வந்த தமிழ் அந்த வயதோடு நின்றுவிட்டது, அவ்வளவுதான் விஷயம்.

சுஆதின் தகப்பன் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். வழக்கில்லாமல் ஆட்களைச் சிறையில் வைத்திருப்பது இஸ்லாத்துக்கும் அடுக்காது, மனிதத்துக்கும் அடுக்காது என்று ஒரு கட்டுரை எழுதினார். அதற்காக அவரையும் வழக்கில்லாமல் சிறையில் வைத்தார்கள். மலேசியாவில் படித்துக்கொண்டிருந்த மகள் சும்மா இருக்கவில்லை. வாப்பாவின் படத்தைப் பிடித்துக்கொண்டு கூட்டங்களில் பேசினாள். கடவுச்சீட்டு முடியப்போகிற நேரம் தூதரகம், “நேரில் வா, புதுப்பித்துத் தருகிறோம்” என்றது. அவளைப் போலவே பேசிய இன்னொருத்தி அப்படி நேரில் போனாள். பிறகு அவளை ஒருவரும் காணவில்லை. சில நாளில் சுஆதின் விடுதி வாசலிலும் ஒரு வேன் நிற்கத் தொடங்கியது. அப்போது அவளுடைய கைத்தொலைபேசியில், எந்த அரசாங்கத்துக்கும் தோன்றாத ஓர் இலக்கம் மட்டும் இருந்தது. அது றஹீமாவின் இலக்கம்.

கொழும்பில் அகதிகளைப் பதிகிற அலுவலகத்தில் பதிந்தாகிவிட்டது. ஏதாவது ஒரு நாடு அவளை எடுத்துக்கொள்ளும் வரைக்கும் சாய்ந்தமருதுதான். இதெல்லாம் தெரிந்தது வீட்டில் றஹீமாவுக்கும் அவள் புருசன் மர்சூக்குக்கும் மட்டும். மகன் றாஸிக்குக்குக்கூடச் சொல்லவில்லை. காரணம், றாஸிக் சாரதியாக வேலை செய்வது அதே நாட்டில்.

நோன்பு வந்தது. நோன்பு திறக்கிற நேரத்துக்கு முன் வீட்டுக்கு வீடு பண்டம் வைத்த பீங்கான் தட்டு போவதும் வருவதும் இந்த ஊர் வழக்கம். ஒரு வீட்டிலிருந்து வந்த பீங்கானை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது மானக்கேடு. பக்கத்து வீட்டு அஸ்னா அன்றைக்கு வாடா பொரித்து அனுப்பியிருந்தாள். திருப்பி அனுப்ப றஹீமாவிடம் கஞ்சியைத் தவிர ஒன்றும் இல்லை. சுஆத் எழும்பி மாவைக் கரைத்துப் பொங்கவைத்து, உருட்டிப் பொரித்து, பேரீச்சம்பழப் பாணி ஊற்றி அவளுடைய ஊர்ப் பண்டமொன்றைச் செய்து கொடுத்தாள். றஹீமா அதை ஒரு பீங்கானோடு நிறுத்தியிருக்கலாம். அவளுக்குப் பெருமை பிடரியில் ஏறிவிட்டது. “நான் வளத்த புள்ளட கையப் பாருங்க” என்று வெளியே சொல்ல முடியாத பெருமை. ஆறு வீட்டுக்கு அனுப்பினாள்.

அஸ்னா நல்லவள். கை நிறைய வேலை, வாய் நிறையக் கதை, மனதில் வஞ்சகம் இல்லை. பீங்கானைத் திருப்பிக் கொடுக்க வந்த இடத்தில், அடுப்படியில் பாணி ஊற்றிக்கொண்டிருந்த சுஆதைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தாள். அதை வாட்ஸ்அப்பில் போட்டு, கீழே எழுதினாள்: “றாஸிக் காக்காக்குப் பாத்திரிக்கிற பொண்ணு செஞ்ச பண்டம். மாஷா அல்லாஹ்.”

அவளைக் குறைசொல்லவும் முடியாது. தெரு அந்த முடிவுக்கு எப்போதோ வந்துவிட்டது. தாய் தகப்பன் இல்லாத குமர், வெளிநாட்டில் கலியாணம் கட்டாத மகன், வேறு என்ன கணக்கு வரும்? இந்த ஊரில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போவான்; பெண்ணுக்கு வீடு இல்லையென்றால் கலியாணப் பேச்சே இல்லை. ஆகவே றஹீமா தன் வீட்டையே அந்தப் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்து மகனை மாப்பிள்ளை ஆக்கப்போகிறாள், எப்படிப்பட்ட மனசு என்று பெண்கள் மெச்சிக்கொண்டார்கள். தாங்களாகவே கட்டிய கதைக்குத் தாங்களே கண்கலங்குவது நம் ஊரில் புதிதில்லை.

இரண்டு நாள் கழித்து றாஸிக் தொலைபேசி எடுத்தான். சிரித்துக்கொண்டே எடுத்தான்.

“உம்மா, எனக்குத் தெரியாம எனக்கே பொண்ணு பாத்திரிக்கீங்களாம். இஞ்ச றூமில இரிக்கிற பொடியனெல்லாம் மாப்பிள்ள மாப்பிள்ள எண்டு உசிர வாங்குறானுகள்.”

றஹீமா கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். “ஆரு மகன் சொன்ன?”

“படம் வந்திச்சி. பத்துப் பேருக்கிட்ட இருந்து வந்திச்சி.”

“அதப் பாக்காத. அழிச்சிரு. மத்தவங்களயும் அழிக்கச் சொல்லு” என்றாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உம்மாவுக்கு வெட்கம் என்று நினைத்துச் சிரித்தான். அதற்குப் பிறகு அவனிடமிருந்து அழைப்பு வரவில்லை. இவள் எடுத்தாலும் மணி மட்டும் அடித்தது. பிறகு அதுவும் அடிக்கவில்லை.

மர்சூக் கரைவலைத் தோணியில் பங்குள்ளவன். அதிகம் கதைக்க மாட்டான். கதைத்தால் ஒரு யோசனையோடுதான் வருவான். அந்த யோசனை பெரும்பாலும் நேரம் பிந்தியதாக இருக்கும். அழைப்பு நின்ற இரண்டாம் நாள் பின்னேரம் அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

“இஞ்சேரு புள்ள, கத பரவினது பரவினதுதானே. உண்மையாகவே செஞ்சி வெச்சா என்ன? நம்மட மருமகள் எண்டா இஞ்ச இரிக்கிறத்துக்கு ஒரு கடதாசி கிடைக்கும். அவனுகளும் அவ்வளவு லேசாக் கை வைக்க ஏலா.”

“ஏலாதுங்க. ஹறாம், மார்க்கத்தில கூடாது.”

“என்னத்துக்கு ஹறாம்?”

றஹீமா கரண்டியை வைத்தாள். இருபத்தேழு வருசமாகச் சொல்லாததைச் சொல்வதற்கு அவளுக்கு நிறைய வார்த்தை தேவைப்படவில்லை. போன புதிதில் அந்த வீட்டு மேடத்துக்குப் பிரசவக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தா. குழந்தை புட்டியில் வாய் வைக்காமல் கத்திக் கத்தி நீலம் பாரித்தது. எட்டு மாதத்து றாஸிக்கை விட்டுப் போன தாய்க்கு மார்பு கட்டிக் காய்ச்சல். “தூக்கி வெச்சன். குடிச்சிது. பொறகு நான் நிப்பாட்டல்ல. மேடமும் சுகமாகி வந்து பாத்துட்டு என்ட கையப் புடிச்சி அழுதா. நீயும் இவளுக்கு உம்மாதான் எண்டா.”

மர்சூக்குக்கு விளங்கியது. பால்குடித் தாய் என்றால் தாய்தான். ஒருத்தியிடம் பால் குடித்தவர்கள் கூடப்பிறந்தவர்கள்தான், கலியாணம் கட்ட ஏலாது. இதற்கு மேல் பள்ளிவாசல் ஆலிம்சாவைக் கேட்க ஒன்றும் இல்லை.

“அந்த நாள் இவனுக்கு நான் பால்மா கரைச்சன்” என்றான். “துப்பித் துப்பித்தான் குடிச்சான்.” சொல்லிவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்தான்.

றஹீமா அதை றாஸிக்கிடம் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் காரணம் இருந்தது. கடல் பொங்கி ஊரை அழித்த செய்தி கேட்டு அவள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்தபோது, உயிர் தப்பியிருந்த அவளுடைய மகன், தெருவில் எல்லாப் பெண்களையும் கூப்பிடுவது போல அவளையும் “மாமி” என்றான். ஒரு வருசத்துக்கு மேல் அப்படித்தான் கூப்பிட்டான். அந்தப் பிள்ளையிடம் போய், உன் பாலை இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்தேன் என்று எந்தத் தாய் சொல்வாள்? சொல்ல ஒரு நல்ல நேரம் வரும் என்று இருந்துவிட்டாள். அவனோ வளர்ந்து மீசை வைத்து விமானம் ஏறிவிட்டான்.

மறுநாள் பகல் லுஹர்த் தொழுகை முடிந்த கையோடு ஸிராஜ் வந்தான். கல்முனையில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற முகவர். றாஸிக்கை அனுப்பியவனும் அவன்தான். வெள்ளை உடுப்பு, அத்தர் மணம், கையில் ஒரு பெட்டி பேரீச்சம்பழம். சலாம் சொல்லி உட்கார்ந்து, வெயிலைப் பற்றிக் கதைத்தான். பிறகு மர்சூக்கைப் பார்த்து, “காக்கா, ஆம்பிளயள் நாம கொஞ்சம் வெளிய போய் கதைப்பமா?” என்றான்.

“வெளிய என்னத்துக்கு? ஊடு அவட. கத என்னெண்டாலும் அவளுக்கிட்டத்தான் கதைக்கணும்” என்றான் மர்சூக். அவன் வாழ்நாளில் பேசிய நல்ல பேச்சுகளில் அது ஒன்று.

ஸிராஜ் ஒரு தரம் தொண்டையைச் செருமினான். அவன் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். யாரையும் மிரட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. அந்த நாட்டுத் தூதரகத்தில் ஒரு பெரிய மனிதர் கூப்பிட்டுக் கதைத்தாராம். இது அரசியல் இல்லையாம், குடும்ப விஷயமாம். தாய் ஒருத்தி மகளைத் தேடி அழுகிறாளாம். மகள் போய்ச் சேர்ந்தால் எல்லாம் மன்னிப்பாம், தகப்பனையும் விடுவார்களாம்.

“றாஸிக்?” என்றாள் றஹீமா.

“அவனுக்கு ஒண்டும் இல்ல றாத்தா. சும்மா விசாரிக்கக் கூட்டிப் போயிரிக்காங்க. இந்தப் புள்ள பிளேன் ஏறுற அண்டைக்கே அவனையும் ஏத்தி உடுவாங்க. நாளைக்கு அவனோட நீங்களே கதைக்கலாம். நான் ஒழுங்கு செஞ்சி தாறன்.” பிறகு இன்னும் மெதுவாகச் சொன்னான்: “என்ட எட்டுப் பொம்புளயள்ற விசாவும் அவங்கட மேசயில கிடக்கு. எல்லாம் இல்லாத குடும்பம். நீங்க யோசிங்க.”

அவன் போன பிறகு உள்ளறைக் கதவு திறந்தது. சுஆத் வெளியே போகிற கறுத்த அபாயாவைப் போட்டு, வந்தபோது கொண்டுவந்த பையைத் தோளில் மாட்டியிருந்தாள்.

“நான் போறன்” என்றாள். “காக்கா வரட்டும்.”

றாஸிக்கைக் காக்கா, அண்ணன் என்று சொல்ல றஹீமா சின்ன வயதிலேயே பழக்கியிருந்தாள். அதற்கு மேல் சொல்ல அவளிடம் தமிழ் இல்லை. அரபுக்கு மாறினாள். தகப்பனை விடுவார்கள் என்பதை அவள் ஒரு நிமிசமும் நம்பவில்லை. தன்னைப் பெற்ற உம்மாவின் குரலைப் போட்டுக் காட்டினால் அதுவும் ஒருவன் பக்கத்தில் நின்று சொல்லச் சொன்ன குரல்தான். தன்னை என்ன செய்வார்கள் என்பதும் தெரியும். ஆனால் இன்னொரு வீட்டுப் பிள்ளை தனக்காக உள்ளே கிடக்க முடியாது என்றாள். அழாமல், ஒரு வழக்கை எடுத்துச் சொல்வது போலச் சொன்னாள். அப்போது றஹீமாவுக்கு அவளுடைய தகப்பன் ஞாபகம் வந்தார். அவரும் இப்படித்தான் கதைப்பார்.

றஹீமா பையைத் தோளிலிருந்து கழற்றிக் கட்டிலில் வைத்தாள். அவளும் அரபிலேயே சொன்னாள்: “இது நீ முடிவெடுக்கிற விஷயமும் இல்லை, நான் முடிவெடுக்கிற விஷயமும் இல்லை. ஒரு தடவை அவனுக்குரியதை எடுத்து உனக்குத் தந்தேன். அவனைக் கேட்கவில்லை. இந்த முறை அவனைக் கேட்பேன்.”

“அனுப்பு என்று சொன்னால்?”

றஹீமா அடுப்படிக்குத் திரும்பினாள். அனுப்பு என்று அவன் சொல்லிவிடுவானோ என்று பயந்தாள். அனுப்பாதே என்று சொல்லிவிடுவானோ என்று அதைவிடப் பயந்தாள். இரண்டு பயத்தையும் வைத்துக்கொண்டு அன்றைக்குக் கஞ்சி காய்ச்சினாள். உப்புப் போட மறந்துவிட்டாள். மூன்று பேரும் அதைக் குடித்து முடித்தார்கள்.

மறுநாள் அஸருக்குக் கொஞ்சம் முன் ஸிராஜ் வந்து, கைத்தொலைபேசியை மேசையில் இருந்த தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தான். சுஆத் உள்ளறையில், கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். திரையில் றாஸிக் தெரிந்தான். சுத்தமான வெள்ளைச் சேட்டு, அவனுடையது இல்லை, தோள் பெரிது. முன்னால் ஒரு மேசை. மேசையின் ஓரத்தில் யாரோ ஒருவருடைய கை, வெள்ளை அங்கியின் நீளக் கையோடு, விரலால் தாளமில்லாமல் தட்டிக்கொண்டிருந்தது.

“உம்மா, நான் சுகம்” என்றான் றாஸிக். “நல்லாப் பாக்கிறாங்க. சாப்பாடு தாறாங்க. அந்தப் புள்ளைய அவட உம்மாட்ட அனுப்பி உட்டா, நானும் வந்திருவன்.” ஓதப்பள்ளியில் பாடம் ஒப்புவிப்பது போல மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“றாஸிக், என்னப் பாரு மகன்.”

பார்த்தான். ஒரு கண் கொஞ்சம் வீங்கியிருந்தது.

“உனக்கு ஒண்டு சொல்லணும். உனக்கு எட்டு மாசத்தில உன்ன உட்டுட்டு நான் அந்த நாட்டுக்குப் போனன். அப்ப பிறந்து கிடந்த புள்ளதான் இவ. இவட உம்மா சுகமில்லாமக் கிடந்தா. உனக்குச் சுரந்த பால இவளுக்குக் குடுத்தன். இவ உனக்குப் பொண்ணு இல்ல. உன்ட தங்கச்சி.”

ஸிராஜ் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தான். 

“எவ்வளவு காலம்?” என்றான் றாஸிக்.

“அவ நடக்கிற வரைக்கும்.”

“அப்ப, நான் உங்கள மாமி எண்டு கூப்பிட முன்னமே, அவ உங்கள உம்மா எண்டு கூப்பிட்டிரிக்கா.”

“ஓம்.”

மர்சூக் சுவரைப் பார்த்துக்கொண்டு திரும்பி நின்றான். றஹீமா கேட்டாள்: “கோவமா மகன்?”

“ஓம் உம்மா. கோவந்தான்.” சாதாரணமாகத்தான் சொன்னான். பிறகு, “இப்ப ஏன் இதச் சொல்றீங்க? என்ன செய்யச் சொல்லிக் கேக்கிறீங்க?” என்றான்.

“நான் செய்யச் சொல்லி ஒண்டும் கேக்கல்ல. அண்டைக்கு உன்னக் கேக்காமத்தான் உன்ட பங்க எடுத்துக் குடுத்தன். இண்டைக்கு நீ சொல்றதத்தான் செய்வன். அனுப்பச் சொன்னா அனுப்புவன். உன்னில பிழை சொல்ல மாட்டன், அவவும் சொல்ல மாட்டா. பை கட்டி வெச்சிரிக்கா.”

மேசையோரத்துக் கை தட்டுவதை நிறுத்தியது. றாஸிக் அந்தக் கையை ஒரு தரம் பார்த்தான். மேசையில் இருந்த ஒரு கிளாஸ் தண்ணீரைப் பார்த்தான், நோன்பு, தொடவில்லை. பிறகு நிமிர்ந்து நேராகத் தாயைப் பார்த்தான்.

“அண்டைக்கு எனக்கு வாய் இல்ல, நீங்க குடுத்தீங்க. இப்ப வாய் இரிக்கி. நானே குடுக்கன். அவள அனுப்பாதீங்க உம்மா.”

ஸிராஜ் தொலைபேசிக்குக் கையை நீட்டினான். மர்சூக் அந்தக் கையை மெல்லப் பிடித்து அவனுடைய மடியிலேயே திருப்பி வைத்தான். றஹீமா திரைக்குக் கிட்டப் போனாள். மகனை விட்டுவிட்டு மேசையோரத்துக் கையைப் பார்த்து, அவள் அந்த நாட்டு அடுப்படியில் பழகிய அரபில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். “ஐயா, நீங்களும் கலிமாச் சொல்கிற முஸ்லிம். இந்தப் பெண் என் பால் குடித்தவள். நான் அவளுக்கு யார் என்று உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. என்னுடைய ஒரு பிள்ளையை வைத்திருக்கிறீர்கள். மற்றப் பிள்ளையைத் தர மாட்டேன்.”

அந்தப் பக்கத்தில் யாரோ நாற்காலியைத் தள்ளிய சத்தம் கேட்டது. திரை கறுத்துவிட்டது.

ஸிராஜ் தொலைபேசியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது அவனுக்கு. “எனக்கு இந்தப் பால்குடிக் கத தெரியாது றாத்தா” என்றான். “இப்பத் தெரியும்தானே” என்றாள் அவள். அவன் பேரீச்சம்பழப் பெட்டியை எடுக்காமலே போனான். அதை மர்சூக் பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிட்டான்.

அஸ்னாவுக்கு விஷயம் தெரிந்தபோது இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள். நோன்பு காலம், பாதி பேருக்கு அது தெரியவில்லை. பிறகு வந்து றஹீமாவின் காலைக் கட்டிக்கொண்டாள். “நான் மடச்சி மாமி, நான் மடச்சி” என்றாள். றஹீமா அவளைத் தூக்கிவிட்டு, ஒரு வேலை கொடுத்தாள்: இனி இந்தத் தெருவுக்குள் தெரியாத ஆள் வந்தால் அவன் யார், எந்த ஊர், என்ன குடி என்று கேள். அதைவிடப் பொருத்தமான வேலை அஸ்னாவுக்கு உலகத்தில் வேறு இல்லை. தெருப் பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். பெருநாளுக்கு முதல் கிழமை கறுத்த கண்ணாடி வேன் ஒன்று வந்து நின்றது. பத்துப் பெண்கள் சுற்றி நின்று சாரதியின் தாயுடைய பெயர் வரைக்கும் விசாரித்ததில், அது வந்த வேகத்திலேயே பின்னால் போனது. அது அவர்களுடைய வேன்தானா, வழிதவறிய துணி வியாபாரியா என்று இன்றைக்கும் நிச்சயமில்லை.

ஆனால் றாஸிக்கிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. நோன்புப் பெருநாள் போனது. றஹீமா புது உடுப்பு உடுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் சோறு தின்னும்போது அவன் தின்றிருப்பானா என்று நினைப்பாள். சுஆதுக்குப் போடும்போதும் நினைப்பாள். நினைத்ததற்காகத் தன்னையே வைதுகொள்வாள். சுஆதுக்கு அது தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. கொழும்பு அலுவலகத்திலிருந்து, குளிர் நாடொன்று சுஆதை எடுக்கிறது, ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து பயணம் என்று சேதி வந்தபோதுகூட வீட்டில் ஒருவருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நாலாம் நாள், பகல் சாப்பாட்டு நேரத்தில், கொழும்பு பஸ்ஸில் இறங்கி றாஸிக் நடந்து வந்தான். கையில் ஒரு பொலித்தீன் பை. ஆள் பாதியாகியிருந்தான். காரணம் சொல்லாமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள், இனி அந்த நாட்டுக்குள் கால் வைக்க ஏலாது, இத்தனை வருச உழைப்பில் சேர்த்தது எதையும் கொண்டுவர விடவில்லை. இடப்பக்கம் நின்று கதைத்தால் அவனுக்குக் கேட்கவில்லை என்பதை மர்சூக்தான் முதலில் கவனித்தான். உள்ளே என்ன நடந்தது என்று அவன் அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொன்னதில்லை. றஹீமா அவனைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே அழுதாள். அவன் விடுவித்துக்கொள்ளாமல் நின்றான்.

உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தபோதுதான் அடுப்படி வாசலில் நின்ற சுஆதைக் கண்டான். அவள் முன்னுக்கு வரவும் முடியாமல், பின்னுக்குப் போகவும் முடியாமல் நின்றாள். 

“என்ட பால முழுக்கக் குடிச்ச ஆள் நீங்கதானா?” என்றான்.

“ஓம் காக்கா” என்றாள் சுஆத்.

“நல்லா வளந்திரிக்கீங்க.” அவன் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான். அவள் வந்து உட்கார்ந்தாள். றஹீமா சோற்றுச் சட்டியோடு வந்து, விருந்தாளிக்கு முதலில் போடுகிற பழக்கத்தில் சுஆதின் பீங்கானுக்குக் கரண்டியைக் கொண்டுபோனாள். றாஸிக் தன் பீங்கானை எடுத்து இடையில் நீட்டினான்.

“உம்மா” என்றான், “இண்டைக்கு எனக்கு முதல்ல போடுங்க.”

றஹீமா போட்டாள். பீங்கான் நிறைந்து சோறு பாயில் சிந்தும் வரைக்கும் போட்டாள்.